கட்டைவிரலுக்கு அடியில் ஒரு தாழ்ப்பாள்

ராணுவத்தில் இருந்த 22 ஆண்டுகளில் நான் தவறுதலாகச் சுட்டது ஒரே ஒரு முறை. அந்தத் தோட்டா மணல் மூட்டைக்குள் போய் அடங்கியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் இன்றைக்கும் தெருவில் டயர் வெடித்தால் என் வலக்கைக் கட்டைவிரல் தானாக ஒருமுறை அசைகிறது. துப்பாக்கி தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியைத் தேடுகிறது.

போன தை மாதம் அக்கா மகன் தன் அப்பாவின் ரிவால்வரைப் பையில் வைத்துக்கொண்டு தேவிபட்டினத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். வாரிசு என்ற முறையில் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றி வாங்கியிருந்தான். பழைய வெப்லி, .32 ரகம், நடுவில் ஒடித்துத் திறப்பது. அதை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதில் சேஃப்டி எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். "இல்லை" என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. பிரேக் இல்லாத வண்டியை அப்பா விட்டுப் போயிருக்கிறார் என்பதுபோல் பார்த்தான். அன்று இரவு பத்து மணி வரை அவனிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் மணல் மூட்டைக் கதை. வடக்கே ஒரு முகாமில் இருந்தோம். கடும் குளிர். எங்களிடம் இருந்தது இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 மி.மீ. பிஸ்டல். 1935-ல் பெல்ஜியத்தில் வெளிவந்த பிரௌனிங் ஹை பவரின் இந்திய வடிவம் அது. மேகசினில் 13 தோட்டாக்கள் பிடிக்கும். இந்த வகையில், தோட்டாவை வெடிக்க அடிக்கும் பின்பக்கச் சுத்தி எழும்பி நின்றால்தான் சுட முடியும். எழும்பி நின்ற பிறகு விரலால் இழுக்கும் விசைக்குக் கொஞ்சம் அழுத்தம் போதும். அதனால்தான் இடப்பக்கத்தில், கட்டைவிரல் எட்டும் இடத்தில், ஒரு சிறு நெம்புகோல். மேலே தள்ளினால் பூட்டு, கீழே தள்ளினால் சுடலாம். காவலில் நின்ற நேரம் முழுக்க அதை மேலேயே வைத்திருந்தேன். உஸ்தாத் சொல்லிக்கொடுத்தபடி அரை மணிக்கு ஒருமுறை கட்டைவிரலால் தடவியும் பார்த்தேன்.

காவல் முடிந்து கோத்தில், அதாவது ஆயுதக் கிடங்கில், ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் மணல் மூட்டைகளை நோக்கிப் பிடித்துக் காலி செய்ய வேண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை. அந்தப் பிஸ்டலில் சேஃப்டி போட்டிருந்தால், முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதியான ஸ்லைடும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் இருக்கும் தோட்டாவை வெளியே எடுக்க ஸ்லைடை இழுத்தாக வேண்டும். ஸ்லைடை இழுக்க சேஃப்டியை எடுத்தாக வேண்டும். இரவு முழுக்கக் காவல் காத்த தாழ்ப்பாள், கை அதிகம் புழங்கும் அந்த ஒரு நிமிடத்தில் விடுப்பில் போய்விடுகிறது.

இரண்டாவது வேடிக்கை இன்னும் மோசம். அதே பிஸ்டலில் மேகசினைக் கழற்றிவிட்டால் விசை வேலை செய்யாது. இதுவும் பாதுகாப்புக்காக வைத்ததுதான். ஆனால் காலி செய்து முடித்ததும் எழும்பி நிற்கும் சுத்தியை இறக்க விசையை அழுத்த வேண்டுமே? அதற்காக ஒரு காலி மேகசினைத் திரும்பச் செருக வேண்டும். நான் மேகசினைக் கழற்றினேன், ஸ்லைடை இழுத்தேன், தோட்டா வெளியே விழுந்தது, அறையைப் பார்த்தேன். எல்லாம் சரி. பிறகு விறைத்துப்போன கையால் செருகியது காலி மேகசினை அல்ல, கழற்றி வைத்த அதே மேகசினை. அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்பேன். மேகசின் உள்ளே போன சத்தம் கேட்டதும் கை தன் பழக்கத்தில் ஸ்லைடை இன்னொரு முறை இழுத்துவிட்டது, அதோடு ஒரு தோட்டா அறைக்குள் ஏறிவிட்டது. விசையை அழுத்தினேன். முகாம் முழுக்க விளக்கு எரிந்தது.

மறுநாள் கம்பெனி கமாண்டர் கேட்ட முதல் கேள்வி, "சேஃப்டி என்ன நிலையில் இருந்தது?" அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அது இருக்க வேண்டிய நிலையில்தான் இருந்தது. என் தலைதான் இருக்க வேண்டிய நிலையில் இல்லை. குழல் மணலைப் பார்த்திருந்ததால் நான் இன்று ஓய்வூதியம் வாங்குகிறேன்.

உச்சிப்புளியில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். கடலோரக் காவல் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இந்த விஷயத்தில் எனக்கும் அவருக்கும் எப்போதும் வழக்குதான். "என்ன ஹவில்தார், இன்னும் அந்த நெம்புகோலைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? கிளாக்கைப் பாருங்கள்" என்பார். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆஸ்திரியாவில் காஸ்டன் கிளாக் செய்த பிஸ்டலை அந்த நாட்டு ராணுவம் 1982-ல் ஏற்றுக்கொண்டது. வெளியே தள்ளுகிற நெம்புகோல் எதுவும் அதில் கிடையாது. விசையின் முகத்திலேயே ஒரு சிறு நாக்கு இருக்கும். விரல் அதையும் சேர்த்து அழுத்தினால்தான் விசை பின்னால் போகும். உள்ளே, தோட்டாவை இடிக்கும் ஊசியை ஒரு தடை மறித்து நிற்கும். விசை முழுதாக வந்தால்தான் அது விலகும். கீழே விழுந்தாலும் வெடிக்காதபடி மூன்றாவது ஏற்பாடு ஒன்று. நம் தேசியப் பாதுகாப்புப் படைக்காரர்கள் வைத்திருப்பதும் கிளாக்தான். "அவர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" என்பது நண்பரின் கடைசி அஸ்திரம்.

நான் என் பங்குக்குக் குதிரையை இறக்குவேன். அமெரிக்க ராணுவத்துக்காக ஜான் பிரௌனிங் செய்த பிஸ்டலில் முதலில் கட்டைவிரல் சேஃப்டி இல்லை. கைப்பிடியின் பின்புறத்தில் உள்ளங்கை அழுத்தினால் விடுபடும் பூட்டு மட்டும்தான் இருந்தது. குதிரைப்படைக்காரர்கள்தான் இன்னொன்று கேட்டார்கள். ஒரு கையில் கடிவாளம், மறு கையில் சுத்தி எழும்பிய பிஸ்டல், அடியில் மிரளும் குதிரை. அதை எப்படி உறையில் போடுவது? அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் 1911-ம் ஆண்டு மாடலில் இருக்கும் நெம்புகோல். நூறு வருடம் கழித்து, குதிரையெல்லாம் போன பிறகு, 2017-ல் அதே அமெரிக்க ராணுவம் புதுப் பிஸ்டல் வாங்கியபோதும் வெளியே தெரியும் சேஃப்டி வேண்டும் என்று எழுதித்தான் வாங்கியது. எல்லாச் சிப்பாயும் கமாண்டோ ஆகிவிட முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

வழக்கு இதோடு முடியாது. நம் பக்கத்து ஜனங்கள் பிழைக்கப் போன சிங்கப்பூரில், அந்த ஊர்ப் போலீஸ் வெப்லி ரிவால்வர்களில் சேஃப்டி வைத்து வாங்கியிருந்தது. ரிவால்வரில் சேஃப்டி என்பது மாட்டு வண்டிக்கு ஸ்டியரிங் வைத்ததுபோல் அபூர்வம். 1970-களில் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிட்டு வேறு ரிவால்வருக்கு மாறினார்கள். மாறி வந்ததில் அது இல்லை.

இத்தனைக்கும் பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: நெம்புகோல் வேண்டுமா என்பதை விசையிடம் கேட்க வேண்டும். ரிவால்வரில் சுத்தியை விரலால் எழுப்பாமல் நேராக அழுத்திச் சுட்டால் விசை நீளமாகப் பின்னால் வரும். ஏறக்குறைய ஐந்து கிலோ அழுத்தம் கேட்கும். அப்படி ஒரு விசையைத் தும்மலில் யாரும் அழுத்திவிட மாட்டார்கள். அதுவே அதன் தாழ்ப்பாள். சுத்தி எழும்பி நிற்கும் பிரௌனிங் வகைக்கு நெம்புகோல் இல்லாமல் முடியாது, பேச்சே இல்லை. கிளாக் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் விசைக்கு இரண்டரைக் கிலோ போதும். அந்த நாக்கு, விரலுக்கும் சட்டை முனைக்கும் வித்தியாசம் பார்க்காது. விசையை முழுதாக மூடும் கெட்டியான உறை இல்லாமல் கிளாக்கை இடுப்பில் செருகுகிறவரைக் கண்டால் நான் பெஞ்சின் மறுகோடிக்குப் போய்விடுவேன். இதை நண்பரும் ஒப்புக்கொள்கிறார், டீக்குக் காசு கொடுத்த பிறகு.

சரி, நெம்புகோல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது எந்தப் பக்கம் போக வேண்டும்? இதுதான் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல். பிரௌனிங்கில் கீழே தள்ளினால் சுடும். இத்தாலியப் பெரட்டா 92FS-ல் நெம்புகோல் ஸ்லைடின் மேல் இருக்கிறது. அங்கே கீழே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், மேலே தள்ளினால்தான் சுடும். ஒன்றில் பழகிய கட்டைவிரல் இன்னொன்றில் நேர்மாறாகப் போகும், அதுவும் பயந்த நேரத்தில் கட்டாயம் போகும். எங்கள் கம்பெனியில் இடக்கைப் பழக்கமுள்ள ஒரு பையன் இருந்தான். அவன் கட்டைவிரல் வலப்பக்கத்தில், நெம்புகோல் இடப்பக்கத்தில். ஒவ்வொரு முறையும் பிடியை மாற்றி, இன்னொரு கையைக் கொண்டுவந்து தள்ளுவான். சேஃப்டியை எடுக்கிற அந்த நேரத்தில் குழல் எங்கெல்லாம் சுற்றியது என்பதைப் பார்த்து உஸ்தாத் அவனுக்கு ரைஃபிளே போதும் என்று முடித்துவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு கீழக்கரையில் ஒரு முதலாளியிடம் காவலுக்குச் சேர்ந்தேன். அவருடைய லைசென்ஸில் ரீட்டெய்னர் என்று என் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். கையில் கிடைத்தது பழைய பெல்ஜியம் பிரௌனிங், 1910 மாடல், .32 ரகம். பிரௌனிங் என்ற பெயரைக் கேட்டதும் நம் பக்கத்துக்காரர்களுக்கு மணியாச்சி நினைவுக்கு வரும். 1911 ஜூன் 17 அன்று அங்கே ரயில் பெட்டியில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்தான். எனக்குக் கிடைத்த மாடலில் ஒன்றுக்கு மூன்று பூட்டு: கட்டைவிரலுக்கு ஒன்று, உள்ளங்கைக்கு ஒன்று, மேகசினைக் கழற்றினால் விசையை நிறுத்த ஒன்று. இதில் சுத்தியே கிடையாது, உள்ளே வில் தள்ளும் ஊசிதான்; அது இழுபட்டு நிற்கிறதா என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. மூன்று பூட்டு இருக்கிறதே என்று மூன்று வருடம் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது காற்று. எங்கள் கடற்கரையின் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை அது தின்ற தின்னலில் 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ராமேசுவரத்துக்கு ரயில் போகவில்லை. பாலத்தையே தின்னும் காற்றுக்குக் கட்டைவிரல் நக அளவு நெம்புகோல் எம்மாத்திரம்? கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தடவினால் விரலில் உப்புக் கரிக்கும். அதோடு இடுப்பு வியர்வை, தோல் உறை. தோல் ஈரத்தையும் உப்பையும் குடித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் இரும்புக்கு ஊட்டும்.

ஒரு ஆடி மாதக் காலையில் வழக்கம்போல் காலிப் பிஸ்டலை எடுத்துப் பார்த்தேன். சேஃப்டி மேலே இருந்தது. கீழே தள்ளினால் வரவில்லை. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, நெம்புகோல் வரவில்லை. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ, ஏர்வாடி ரோட்டில் பணப்பையோடு எத்தனை நடை போய் வந்தேனோ, கணக்கில்லை. ஒருநாள் தேவைப்பட்டிருந்தால் அதை எறிந்துதான் அடித்திருப்பேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து அசைத்து எடுத்தோம். நெம்புகோலைப் பிடித்து நிறுத்தும் சிறு வில்லின் பள்ளத்தில் துருவும் மணலும் பிசைந்த மாவாக இருந்தன.

அதற்கு முந்தைய மாதம் நான் செய்த புத்திசாலித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அடுப்படியில் இருந்த தேங்காய் எண்ணெயைப் போட்டிருந்தேன். இரண்டு வாரத்தில் அது பிசினாகிவிட்டது. தலைக்கு நல்லதெல்லாம் இரும்புக்கு நல்லதில்லை.

பள்ளத்தைச் சுத்தம் செய்த பிறகு நேர் எதிரான தொல்லை வந்தது. துரு தின்ற வில் தளர்ந்துவிட்டது. முதலாளியோடு ராமநாதபுரம் போய்த் திரும்பி உறையில் இருந்து எடுத்தால் சேஃப்டி கீழே, சுடும் நிலையில் இருந்தது. காரின் சீட் பெல்ட் உரசியதா, உறையின் ஓரம் தள்ளியதா தெரியாது. நான் காலையில் மேலே தள்ளி வைத்ததற்கு என் மனசு மட்டுமே சாட்சி. அன்று எதுவும் நடக்காததற்குக் காரணம் மூன்று பூட்டில் ஒன்றும் இல்லை. அறைக்குள் தோட்டா ஏற்றாமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான். அறை காலியாக இருந்தால் சுடுவதற்கு முன் ஒருமுறை ஸ்லைடை இழுக்க வேண்டும். அந்த ஒரு விநாடி தாமதம் கமாண்டோவுக்குப் பெரிதாக இருக்கலாம். கீழக்கரை பஜாரில் காவல் நிற்கிறவனுக்கு அது பெரிதில்லை என்பது என் முடிவு. உச்சிப்புளி நண்பர் இதிலும் மாறுபடுகிறார்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சோதனை செய்தேன். மேகசினைக் கழற்றி, அறையைக் கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பார்த்து, தோட்டாக்களை அடுத்த அறையில் வைத்துவிடுவேன். குழலை மணல் நிரப்பிய வாளிக்கு நேராகப் பிடித்து, காலி மேகசினைச் செருகி, ஸ்லைடை இழுத்து விட்டு, சேஃப்டியை மேலே தள்ளி விசையை நன்றாக அழுத்துவேன். ஒன்றும் நடக்கக் கூடாது. விரலை விசையில் இருந்து எடுத்துவிட்டுச் சேஃப்டியைக் கீழே தள்ளுவேன். அப்போதும் உள்ளே ஊசி 'டிக்' என்று விழக் கூடாது. விழுந்தால் அந்தப் பிஸ்டல் பழுது பார்க்கும் ஆர்மரரிடம்தான் போக வேண்டும். பிறகு அழுத்தினால் விழ வேண்டும். இரண்டாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தேய்ந்துபோன சேஃப்டி, விசையை அழுத்தும்போது பிடித்துக்கொள்ளும், தன்னை எடுக்கும்போது ஊசியை விட்டுவிடும்.

எண்ணெய் விஷயத்தில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, உலர்ந்த துணியால் துடைத்த துடைப்பில் மிஞ்சுகிற பூச்சு போதும். வழிய வழிய ஊற்றினால் மணல் ஒட்டும். தோல் உறையில் வைத்தபடி இரவு தூங்கப் போகக் கூடாது.

வீட்டு விஷயத்தை மருமகன் தானே எடுத்தான். "சேஃப்டி இருந்தால் பிள்ளைகள் கைக்குப் போனாலும் பயமில்லை அல்லவா, மாமா?" என் பேத்திக்கு ஐந்து வயது. சிறுபிள்ளைகள் திறக்க முடியாது என்று எழுதியிருந்த மருந்து பாட்டில் மூடியை, நான் கண்ணாடி தேடிக்கொண்டிருந்த நேரத்தில், திறந்து கையில் கொடுத்தாள். அழுத்தித் திருக வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நெம்புகோல் அதைவிட எளிது. அசையும் எதையும் பிள்ளை அசைக்கும். ரிவால்வரின் கனத்த விசைகூட இரண்டு கட்டைவிரல்களுக்கு அடங்கிவிடும். துப்பாக்கி இரும்புப் பெட்டியில், தோட்டா வேறு பூட்டில், இரண்டு சாவியும் உன் அரைஞாண் கயிற்றில் என்றேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவனுடைய வெப்லிக்கு வருவோம். பழைய ரிவால்வர் என்பதால் ஆறு அறையில் ஐந்தில் மட்டும் தோட்டா போடச் சொன்னேன். சுத்திக்கு நேரே இருப்பது காலி அறையாக இருக்க வேண்டும். கீழே விழுந்து சுத்தியில் அடிபட்டாலும் இடிக்க அங்கே எதுவும் இருக்காது. சினிமாவில் வருவதுபோல் கட்டைவிரலால் சுத்தியை எழுப்பாதே என்று மூன்று முறை சொன்னேன். எழுப்பிய நொடியில் அந்தக் கனத்த விசை இலகுவாகிவிடும், இருந்த ஒரே தாழ்ப்பாளும் போய்விடும். சுடாமல் அதைத் திரும்ப இறக்குவதற்குள் வேர்த்துவிடும். கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடச் சொல்கிற சித்தப்பாக்கள் வருவார்கள். 2019-ல் திருத்திய ஆயுதச் சட்டப்படி அதற்கு இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். சித்தப்பா வந்து கட்ட மாட்டார்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். மருமகனோடு நானும் போனேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர், பெரும்பாலும் இரட்டைக்குழல் துப்பாக்கிகள். எங்கள் முறை வந்தது. மேஜையில் இருந்த இளம் காவலர் பையைப் பார்த்ததும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"சேஃப்டி போட்டிருக்கிறதா?" என்றார்.

மருமகன் பதில் சொல்லவில்லை. விசை வளையத்துக்கு வெளியே விரலை நீட்டி வைத்து, குழலைச் சுவரோரம் தரைக்குத் தாழ்த்தி, ரிவால்வரை நடுவில் ஒடித்து, பின்புறம் அவருக்குத் தெரியும்படி மேஜையில் வைத்தான். ஆறு ஓட்டைகள் வழியாகவும் மேஜை விரிப்பின் பச்சை தெரிந்தது. காவலர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்.